தாரிகாவுக்கு ஒரு ரோச் லைட்

இணுவில்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி பிரவீணனுக்கு,

கந்தசுவாமியாரின் காவலில் இருந்துகொண்டு அக்கா செல்வநாயகி எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முழங்காலைப் பற்றி நீ கேட்டதும் இல்லை. உன் மனைவியும் மகளும் வேளைக்குச் சாப்பிடுகிறார்கள். நீயும் அந்த முதியோர் இல்லத்தில் ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, அவர்களுக்குச் சோறூட்டி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் உன்னோடு எதையும் கதைத்து முடிக்க முடியாது. "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பாய், பின்னால் எவரோ மணி அடிப்பார்கள், ஓடிவிடுவாய். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்தவள் நான். ஒருவனை ஓரிடத்தில் இருத்தி ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டுமானால் கடிதம்தான் சரி. உன்னோடு வேலை செய்கிற வின்சன்ற் லீவு முடிந்து திங்கட்கிழமை வெளிக்கிடுகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன். வந்த நாளிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் திரிகிற அந்த எடுப்புச்சாமி இதைத் தொலைக்காமல் கொண்டுவந்து தந்தால், கடைசிவரை வாசி. இடையில் நிறுத்தாதே.

தாரிகாவின் முதலாவது பிறந்தநாளுக்கு எதை வாங்கலாம் என்று போன மாதம் மூன்று படம் அனுப்பியிருந்தாய். "அக்கா, நீங்கள்தான் தெரிவுசெய்து சொல்ல வேணும்" என்று கீழே வேறு எழுதியிருந்தாய். ஒன்று, வாலை அமத்தினால் பாட்டுப் பாடுகிற நாய். மற்றது, காலால் மிதிக்க மிதிக்கச் சுரம் வருகிற பாய். மூன்றாவது ஒரு மேளம். கண்டறியாத மேளம். இணுவிலில் இருக்கிற பிள்ளைக்கு லண்டனில் இருந்துகொண்டு மேளம் வாங்கிக் கொடுக்க நினைக்கிற முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். இரண்டு வளவு தள்ளி விடிந்தால் பொழுதுபட்டால் தவில் அடிக்கிறார்கள். அது போதாதென்றா பிளாஸ்ரிக்கில் ஒன்று?

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது ஊரே இந்த விசரில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பராசக்தி தன் பேரனின் முதலாவது பிறந்தநாளை மண்டபத்தில் வைத்தாள். பிள்ளையைவிட உயரமான கேக். பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும். வீடியோக்காரன் சிரி சிரி என்று சொல்ல, வேர்த்து வழிந்த அந்தச் சீவன் முகமெல்லாம் சளியோடு அழுதுகொண்டு இருந்தது. வந்தவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அவ்வளவும் கீச்சிடுகிற, கத்துகிற, பாடுகிற சாமான்கள். இப்போது அவள் அதுகளைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறாள், பிள்ளை உடைத்துப் போடுமாம். இந்தக் கூத்தைப் பார்த்து வந்த அன்றுதான் உன் படங்களும் வந்து சேர்ந்தன. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

படத்தைப் பார்த்துச் சாமான் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே பக்கத்தில், எங்கள் திருநெல்வேலியில் புதிதாக ஒரு விளையாட்டுச் சாமான் கடை திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டேன். உன் துஷாந்தினியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் வாறன் என்று நின்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

அதைச் சொல்லுமுன், உன் மனைவியைப் பற்றி நான் உனக்குச் சொல்லி வந்தவற்றை நீ ஒருமுறை ஞாபகப்படுத்த வேண்டும். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் போனிலேயே சொன்னேன். அவள் பிள்ளையோடு கதைக்கிற கதை நாலு வீட்டுக்குக் கேட்கும். கைதட்டுவாள். விறாந்தைச் சீமெந்தில் காலால் தொம் தொம் என்று உதைப்பாள். இதெல்லாம் போதாதென்று பட்டப்பகலில் ரோச் லைட்டை வைத்துக்கொண்டு விளையாடுவாள். பிள்ளை மூலையில் இருந்து எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும். இவள் குசினி வாசலில் நின்று அதன் முன்னால் இருக்கிற சுவரில் வெளிச்சத்தை அடிப்பாள், அணைப்பாள், அடிப்பாள், அணைப்பாள். மாதத்தில் இரண்டு சோடி பற்றறி. பகலில் ரோச் அடிக்கிற பொம்பிளையை எங்கள் தெருவில் எவரும் கண்டதில்லை என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவளும் அப்போது குசினியில்தான் நின்றாள்.

வடமராட்சிக் கடற்கரையில் பெண் எடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். இருந்தது என்று எழுதுவதுதான் சரி. நீ காதலித்தாய், கட்டினாய், ஐந்து மாத வயிற்றோடு அவளை என்னிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாய். நான் அவளை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. ஆனால் அவள் எதைச் செய்தாலும் எனக்கு அது கடற்கரைப் பழக்கமாகத்தான் தெரிந்தது. மீனை வெட்டினால் பழக்கம், சத்தமாகச் சிரித்தால் பழக்கம். அப்படி ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் வின்சன்றின் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறேன், பார்த்தாயா.

மாறாக, உன் மகளை நான் தூக்கி வைத்த இடம் வேறு. அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னேன். கோவில் திருவிழாவுக்கு எங்கள் வேலியில்தான் ஒலிபெருக்கி கட்டினார்கள். பராசக்தி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தாள். தாரிகா ஏணைக்குள் கிடந்து நித்திரை. வெடி கொளுத்தினார்கள், நித்திரை. இரண்டு வளவு தள்ளி நாலு தவில் சேர்ந்து முழங்கினாலும் அவள் பாட்டுக்கு நித்திரை. தவில்கார வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "இது இணுவில் பிள்ளையெல்லோ, வயித்துக்குள்ளை இருக்கேக்கையே கேட்டுப் பழகினது" என்றார். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு நூறு பேருக்குச் சொன்னேன். உனக்கும் சொன்னேன். நீ அதை உன் கூட்டாளிகளுக்குச் சொல்லிப் புழுகினாயாம், வின்சன்ற் சொன்னான்.

பிள்ளைக்குப் பல் முளைத்ததென்று பல்லுக்கொழுக்கட்டை கொட்டின அன்று நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ வீடியோவில் பார்த்துக்கொண்டு இருந்தாய். பிள்ளையின் முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி, கண்ணாடி எல்லாம் பரப்பி வைத்திருந்தோம். பராசக்தி பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கைதவற விட்டாள். சீமெந்தில் விழுந்து உருண்டு அது போட்ட சத்தத்தில் ஐயர் கூடத் துள்ளினார். தாரிகா திரும்பவில்லை. மெதுவாகக் கையை நீட்டிப் பேனையை எடுத்தாள். எவ்வளவு கவனம் பார், படிக்கப் பிறந்த பிள்ளை என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். துஷாந்தினி மட்டும் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமான் நெளிந்துவிட்டது என்று கவலைப்படுகிறாள் என நினைத்தேன்.

சரி, கடைக்கு வருகிறேன். உள்ளே போனால் தலை சுற்றியது. ஒரு பக்கம் கோழி கூவுகிறது, ஒரு பக்கம் இங்கிலிசில் ஒரு பொம்மை எண்ணிக்கொண்டு இருக்கிறது. ஷெரோன் என்று சட்டையில் பெயர் குத்தின ஒரு பிள்ளை ஓடிவந்து, எதைக் கேட்டாலும் இதுதான் அன்ரி இப்ப நல்லா ஓடுது என்றாள். நீ அனுப்பிய நாயும் அங்கே இருந்தது. நேரில் பார்க்க இன்னும் கேவலம். மூஞ்சை கரடி, உடம்பு நாய். துஷாந்தினி பிள்ளையைக் கண்ணாடி அலுமாரியைப் பார்க்கத் தரையில் இருத்தினாள். பிள்ளை உள்ளே சுழன்றுகொண்டிருந்த ஒரு காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஷெரோன் நாயைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பிடித்து வாலை அமத்தினாள். அது குரலெடுத்துப் பாடியது. கடையில் நின்ற மூன்று பிள்ளைகளும் திரும்பின. ஒன்று தகப்பனின் தோளில் நித்திரையாகக் கிடந்தது. அது கூட எழும்பிவிட்டது.

தாரிகா காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஷெரோன் பற்றறி கிடக்கோ என்று நாயைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேளத்தைக் கொண்டுவந்து காதுக்குக் கிட்ட அடித்தாள். நான், எங்கள் பிள்ளைக்கு உந்தச் சத்தமெல்லாம் கணக்கில்லை, தவிலுக்குள் வளர்ந்தது என்று என் பழைய பாட்டைத் தொடங்கினேன். அந்தப் பெட்டை என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். அப்போதுதான் உன் மனைவி வாயைத் திறந்தாள். கத்தவில்லை. அவள் இவ்வளவு மெதுவாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

"மச்சாள், பிள்ளைக்குக் காது கேக்கேல்லை. நான் எத்தினை தரம் சொல்லீட்டன்."

எத்தனை தரம் என்று உனக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முதல் அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், பிள்ளை கூப்பிட்டால் திரும்புதில்லை என்று. நீ உடனே என்னைக் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "அவையின்ரை பக்கத்திலை கடல் இரைச்சலுக்குள்ளை கத்திக் கத்திக் கதைச்சுப் பழக்கம். எங்கடை பிள்ளை அடக்கமா இருந்தா அவளுக்கு அது வருத்தமாத் தெரியுது." நீ அதை நம்பி அவளை ஏசினாய். பெற்ற பிள்ளைக்கே குறை சொல்லுகிறாள் என்றாயாம். அதன்பிறகு அவள் உனக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன நேரம், சாமியறை மணியை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று அடித்தேன். ஒருமுறை இல்லை. கை நோகும்வரை அடித்தேன். பிள்ளை தன் கால்விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டு இருந்தாள். பிறகு என் நிழல் முன்னால் ஆடுவதைக் கண்டு திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தம்பி, இனி எழுதப்போவதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். சரியாகப் பதியவில்லை, இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று திகதி குறித்து ஒரு துண்டு தந்தார்கள். அந்தத் திகதி முப்பத்தோராம் நாளுக்கு முன்னமே வந்தது. பிள்ளை பெற்ற துடக்குக் கழியாமல் பச்சைப்பிள்ளையையும் தாயையும் படலை தாண்ட விடமாட்டேன் என்று நான் நின்றேன். துஷாந்தினி இரண்டு தரம் கேட்டாள். தவில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குக் காதில் என்ன சோதனை என்று துண்டை வாங்கி அலுமாரியில், பிள்ளையின் சாதகக் குறிப்புக்கு அடியில் வைத்தேன். துடக்குக் கழிந்தது, ஐயர் வந்து புண்ணியதானம் செய்தார், சாப்பாடு போட்டோம். துண்டை நான் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். சாதகத்தை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. திகதி போய்விட்டதுதானே என்று திரும்ப வைத்தேன்.

ஊரிலுள்ளவர்களின் கடிதம் ஒரு நாள் பிந்தினால் தபால்காரனை நிற்க வைத்து ஏசியவள் நான். விலாசம் அழிந்த கடிதத்தைக் கூட வீடுவீடாகக் கேட்டுக் கொடுப்பித்தேன் என்று ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசினார்கள். என் வீட்டுக்கு வந்த ஒரேயொரு முக்கியமான துண்டைப் பதினொரு மாதம் அமத்தி வைத்திருந்தேன். பராசக்தியின் கேக்கைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளாவது சாமான்களை மட்டும்தான் அலுமாரியில் பூட்டினாள்.

அடுத்த நாளே கொண்டு போனோம். பிள்ளையை நித்திரையாக்கி, தலையில் வயர் ஒட்டிச் சோதித்தார்கள். இந்தப் புதன்கிழமை முடிவு சொன்னார்கள். இரண்டு காதும் பிறப்பிலேயே கேட்காதாம். முதலில் காதில் மெசின் வைத்துப் பார்ப்பார்களாம், அது உதவாவிட்டால் ஒரு ஒப்பறேசன் இருக்கிறதாம். வாய்ப்பேச்சு வர வேண்டுமானால் நாளைக் கடத்தக்கூடாதாம். டொக்டர் நல்ல மனிதர். பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், ஆனால் வந்துவிட்டீர்கள் என்றார். ஏன் பிந்தியது என்று கேட்டபோது துஷாந்தினி என்னைப் பார்க்காமல், திகதி தவறிப்போச்சுது டொக்டர் என்றாள். அவளுக்குத் துண்டு எங்கே இருந்தது என்று தெரியும். இவ்வளவு நாளும் நான் வாய் கிழியப் பேசிய அந்தக் கடற்கரைப் பழக்கத்தில் இதுவும் ஒன்று போலிருக்கிறது.

திரும்பி வரும்போது ரோச் லைட்டைப் பற்றிக் கேட்டேன். விடியப்புறம் கரை தெரியாத நேரம் அவளின் தகப்பன் தியாகலிங்கத்தாரின் வள்ளம் வந்தால், கரையில் நின்று கூப்பிட்டு வேலையில்லையாம். அலை இரைச்சலில் எவன் குரலும் போய்ச் சேராது. ரோச்சை இரண்டு தரம் அடித்தால் வள்ளத்தில் இருந்து இரண்டு தரம் திருப்பி அடிப்பார்களாம். சின்னப் பெட்டையாக இருக்கும்போது அதுதான் அவளுடைய வேலை. கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லை என்று கண்டதும் அவள் குரலை நம்பி இருக்கவில்லை. சுவரில் வெளிச்சம் இரண்டு தரம் வந்தால் அம்மா பின்னால் நிற்கிறாள் என்று ஏழு மாதத்திலேயே பிள்ளைக்குப் பழக்கிவிட்டாள். காலால் சீமெந்தில் உதைத்ததும் அதற்குத்தான், தரை அதிர்ந்தால் பிள்ளை திரும்புமாம். நான் பற்றறிக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இது. நாயும் வேண்டாம், பாயும் வேண்டாம், மேளமும் வேண்டாம். ஏற்கனவே காசு கட்டியிருந்தால் உன் கிழவர்களுக்குக் கொடு, அவர்களாவது கேட்கட்டும். மண்டபம், கேக் என்று ஒன்றும் வேண்டாம். பிறந்தநாள் வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை. பாற்சோறு பொங்குவேன். தியாகலிங்கத்தாரையும் அவர் மனைவியையும் வரச் சொல்லி நானே போன் எடுத்துக் கேட்டேன். அந்த மனிதர் எப்போதும் போலக் கத்தித்தான் கதைத்தார். நான் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.

துஷாந்தினியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு தரம் குசினி வாசல்வரை போனேன். வாய் வரவில்லை. நாற்பது வருடம் ஏசிப் பழகின வாய்க்கு அது மட்டும் வராதாம். சங்கக்கடையில் நாலு சோடி பற்றறி வாங்கி ரோச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் எடுத்து ரோச்சுக்குள் போட்டாள். மிச்சத்தை நீ சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை முடித்த கையோடு எடு, அவளோடு முதலில் கதை. பிள்ளையைக் காட்டு என்று தொடங்காதே. நீ ஏசியதற்கும் சேர்த்து, நான் ஏச வைத்ததற்கும் சேர்த்துச் சொல்லு.

கட்டாயம் ஒரு பரிசு வாங்கத்தான் வேண்டும் என்று உன் மனம் அடித்துக்கொண்டால், ஒரு ரோச் லைட் வாங்கு. பிள்ளைக்கு ஒன்று இருக்கிறது. உனக்கு வாங்கு. அந்த மெசின், ஒப்பறேசன் எல்லாம் நடக்கிற காலத்தில் நடக்கட்டும். கையெழுத்துப் போட, அவளைத் தூக்கி வைத்திருக்க ஒரு தகப்பன் வேண்டும். லீவு கேட்டுப் பார். தராவிட்டால் திரும்பவும் கேள். வந்து இறங்கினால் தெருமுனையில் இருந்தே தாரிகா, தாரிகா என்று கத்திக்கொண்டு வராதே. அது எனக்கும் பராசக்திக்கும்தான் கேட்கும். படலையைத் திறந்து, விறாந்தைக்கு வா. சுவரில் இரண்டு தரம் வெளிச்சம் அடி. கொஞ்சம் பொறுத்து நில்.

அவள் திரும்புவாள். இதுவரை ஒருநாளும் திரும்பாமல் விட்டதில்லை.

முருகன் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்கு வழி பார்க்கும்,
அக்கா செல்வநாயகி.

பி.கு: அந்தத் துண்டை இதற்குள் வைத்திருக்கிறேன். கிழித்து எறிய வேண்டாம். நீ வரும்போது கொண்டுவந்து என் கையில் தா.